ஹோட்டல் காசு மிச்சம்னு நண்பன் வீட்ல தங்கப் போனா...

இத்தாலி விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்டினா ஒரு பேப்பரோட முடியுற விஷயம், நண்பன் வீட்ல தங்குறேன்னு சொன்னதும் எப்படி ஒரு ஃபைலா மாறுதுன்னு இப்பதான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பதுவால பிஎச்டி பண்ற காலேஜ் நண்பனும் அவன் வைஃபும் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இன்சூரன்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதை விடுங்க.

மாட்டினது அழைப்புக் கடிதத்துல. அதோட நண்பனோட ஐடி, பெர்மெஸ்ஸோ கார்டு (அங்க தங்கியிருக்கிறதுக்கான அனுமதி அட்டை) காப்பி எல்லாம் வைக்கணும். அவன் கார்டு காலாவதி ஆகி, ரினியூவலுக்குக் குடுத்துட்டு போஸ்ட் ஆபீஸ் ரசீதை வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கான். அங்க பாதிப் பேர் பொழப்பு அந்த ரசீதுலதான், கார்டு வர மாசக்கணக்கா ஆகும், அதுவரைக்கும் ரசீது செல்லும். ஆனா விசா சென்டர் கவுண்டர்ல இருந்த மேடம் காப்பியைப் பாத்த உடனே, "சார், கார்டு எக்ஸ்பயர் ஆயிடுச்சே"ன்னாங்க. ரசீதைக் காட்டினேன். "லிஸ்ட்ல கார்டுன்னுதான் சார் இருக்கு." அவ்ளோதான், அடுத்த டோக்கன். ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து வந்தவனுக்கு எப்படி இருக்கும்! வெளிய டீ குடிக்கும்போது ஒருத்தர் சொன்னாரு, பேப்பர் கொறஞ்சாலும் இருக்கிறதை வச்சே சப்மிட் பண்றேன்னு எழுதிக் குடுத்தா வாங்கித்தான் ஆகணும், முடிவு பண்றது தூதரகம்தான், கவுண்டர் இல்லன்னு. இதை உள்ள ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?

அப்புறம் மறுபடி அப்பாயின்ட்மென்ட், மறுபடி பஸ். இந்தத் தடவை ரசீது, பழைய கார்டு, வீட்டு வாடகைக் கான்ட்ராக்ட் எல்லாத்தையும் சேத்துக் குடுத்தேன், விசா வந்துருச்சு. அம்மா வேற பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு பதுவை அந்தோணியாருக்கு வேண்டிக்கிட்டாங்களாம். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு, வராத கார்டுக்கும் பொறுப்பு எடுத்துக்குவாரு போல.

பதுவா போய்ச் சேந்தும் கதை முடியல. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களை வீட்ல தங்க வச்சா 48 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கு எழுத்துல தெரிவிக்கணும், இல்லன்னா வீட்டுக்காரனுக்கு 160ல இருந்து 1,100 யூரோ வரைக்கும் ஃபைன். அவன் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதத்துலயே அது இருக்கு, ஐயா படிக்கவே இல்ல! நான் இறங்கினது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ரிஜிஸ்டர்ட் தபால்ல அனுப்பலாம்னாங்க (இது ஊருக்கு ஊர் மாறும், விசாரிச்சுக்கோங்க), ஆனா சனிக்கிழமை போஸ்ட் ஆபீஸ் மத்தியானத்தோட சாத்திருவாங்க, எங்களுக்கோ பதினொன்றரைக்கு ஸ்க்ரோவெஞ்ஞி சேப்பல் டிக்கெட். 1305 வாக்குல ஓவியர் ஜொத்தோ முடிச்ச சுவரோவியங்க இருக்கிற இடம், மொதல்லயே புக் பண்ணணும், ஈரப்பதம் சமன் ஆக ஏசி ரூம்ல கால் மணி நேரம் உக்கார வச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க, லேட்டா போனா டிக்கெட் போச்சு. போஸ்ட் ஆபீஸ்லயோ டோக்கன் எழுத்துவாரியா ஓடுது, எங்க எழுத்து மட்டும் வரவே மாட்டேங்குது. கடைசில அவனை அங்கயே நிக்க வச்சுட்டு நானும் அவன் வைஃபும் ஓடினோம். உள்ள கால் மணி நேரம்தான், ஆனா அந்த நீலக் கூரைக்கு இந்த அலைச்சல் தகும். அவன் சேப்பலைப் பாக்கல, ரசீதோட வந்தான்.

இன்னொண்ணு, ஃபிராங்க்ஃபர்ட் வழியா, அதாவது எல்லைச் சோதனையை ஜெர்மனிலயே முடிச்சுட்டுப் போனதால, நான் இத்தாலிக்கு வந்ததை எட்டு நாளுக்குள்ள நானே போலீஸ்ல பதியணும். ஹோட்டல்னா அவங்களே பாத்துக்குவாங்க. திங்கக்கிழமை போனேன், சீல் போட்ட காப்பி குடுத்தாங்க, அது ஊர் திரும்புற வரைக்கும் பாஸ்போர்ட்டோடயே இருக்கட்டும்.

நேரா இத்தாலில இறங்குற ஃபிளைட் கிடைச்சா இந்தப் போலீஸ் பதிவு மிச்சம். நண்பன் கார்டு எப்ப முடியுதுன்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.