மே மாத டெல்லியில் நெட்வொர்க் கார்டின் சூட்டைத் தணித்த அனுபவம்

என் மனைவி கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். மாடி அறையில் அவள் கம்ப்யூட்டர், கூடத்தில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி. இரண்டையும் இணைக்க, சர்வரிலிருந்து கழற்றிய பழைய 10 கிகாபிட் காப்பர் நெட்வொர்க் கார்டுகள் இரண்டை நேரு பிளேஸில் வாங்கிப் போட்டிருந்தேன். குளிர்காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. மே வந்து வெளியே 43 டிகிரி அடித்ததும், பெரிய ஃபைலை அனுப்ப ஆரம்பித்த இருபதாவது நிமிஷம் "என்னங்க, மறுபடியும் நின்னுபோச்சு" என்று மாடியிலிருந்து குரல்.

முதலில் கேபிள்தான் என்று நினைத்து இரண்டு முனையும் புதிதாகக் கிரிம்ப் செய்தேன். பிறகுதான் லினக்ஸ் லாகைப் பார்த்தேன்: கார்டு அதிகமாகச் சூடாகிவிட்டதால் நிறுத்தப்பட்டது என்றே எழுதியிருந்தது. இந்த மாதிரி கார்டுகளை, முன்னாலிருந்து பின்னால் காற்று சீறிக்கொண்டு போகும் சர்வர் பெட்டிக்காகவே செய்கிறார்கள். தனியாக ஃபேன் கிடையாது, சிப்பின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் அலுமினிய ஹீட்சிங்க் மட்டும்தான். நம் வீட்டு கேபினெட்டில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில், காற்றே அசையாத மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, எவ்வளவு சூடு என்று இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் 49. ஆனால் விரலை ஒரு விநாடிகூட வைக்க முடியவில்லை! பளபளக்கும் அலுமினியம் தன் வெப்பக் கதிரைக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும், சுற்றியுள்ளதையும் பிரதிபலிக்கும், அதனால் குறைத்துக் காட்டும். ஹீட்சிங்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ரெண்டு நிமிஷம் விட்டு அதன்மேல் பார்த்தேன். 87. இதை முதலிலேயே செய்யாமல் எந்த அளவையும் நம்பாதீர்கள்.

அதற்கப்புறம் எல்லா அளவும் இந்த டேப்பின் மேல்தான், ஒரு மணி நேரம் காப்பி ஓடிய பிறகு, அறை 38 டிகிரியில் இருக்கும்போது.

கார்டைக் கழற்றி, பின்பக்கம் ஸ்பிரிங் பின்களை நோஸ் பிளையரால் அழுத்தி ஹீட்சிங்கை எடுத்தேன். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துவரம்பருப்பு அளவுக்குப் புதுப் பேஸ்ட் வைத்தேன். 83 தான் வந்தது, ஏமாற்றம்தான். கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றினேன், 79. அது தரவு போக நாலே லேன் (பாதை) உள்ள ஸ்லாட், பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை. ஆனாலும் 16 கிகாபிட் போகும், ஒரு போர்ட்டுக்குத் தாராளம்.

பிறகு 40 மில்லிமீட்டர் ஃபேனை நேராக ஹீட்சிங்க்மேல் கட்டினேன். 61க்கு இறங்கியது, ஆனால் கொசு காதருகே பறக்கிற மாதிரி ஓயாத இரைச்சல், மனைவி ஆடியோவும் அங்கேயேதான் கலக்கிறாள். அதனால் பழைய கேபினெட்டிலிருந்து 92 மில்லிமீட்டர் ஃபேனை எடுத்து, அட்டையில் அளவு வெட்டிப் பார்த்துவிட்டு, அலுமினியப் பட்டையை எல் வடிவில் மடக்கி, காலி ஸ்லாட் மூடியின் ஸ்க்ரூவிலேயே மாட்டினேன். காற்று ஹீட்சிங்கின் பள்ளங்களுக்குள் நேராகப் பாய வேண்டும், அதுதான் முக்கியம். வேகம் பயோஸில் நிமிஷத்துக்கு 900 சுற்று. சத்தமே கேட்கவில்லை, டேப்பில் 58.

மெல்லிய காற்று, ஆனால் சரியான இடத்தில், அவ்வளவுதான் அந்தக் கார்டு கேட்டது. பேஸ்ட் மாற்ற ஒரு மதியம் போனது, கிடைத்தது 4 டிகிரி.

போன வாரம் ஆந்தி (புழுதிப் புயல்) அடித்து வீடெல்லாம் புழுதி. மறுநாள் பார்த்தால் 64. பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனையும் ஹீட்சிங்கையும் தட்டிவிட்டேன், 59.