தூளா, பெப்டைடா?

"அக்கா, இது ஒரு மில்லிகிராம் தூளா, ஒரு மில்லிகிராம் பெப்டைடா?"

ஆய்வகத்தில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து, என்னிடம் வேலை பழகிய ஜூனியர் கேட்டது இவ்வளவுதான். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி; குப்பியில் தூளாக வரும். நான், விற்றவர் தந்த தரச்சான்றிதழான சி.ஓ.ஏ.வைத் தட்டிக் காட்டி, "தூய்மை 98 சதவீதம்னு போட்டிருக்கான்ல, அப்புறம் என்ன?" என்றேன். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு அவள் அதைக் கேட்கவேயில்லை.

98 பொய் இல்லை. கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி 220 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பது, அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பைத்தான். வந்த பெப்டைடுகளில் நமக்கு வேண்டியது எவ்வளவு, முழுமையாகாத குறைத்தொடர்கள் எவ்வளவு என்று அது சொல்லும். குப்பியில் ஈரம் எவ்வளவு, தயாரிப்பில் ஒட்டிக்கொள்ளும் டி.எஃப்.ஏ. என்ற அமிலத்தின் உப்பு எவ்வளவு என்பது அந்தக் கணக்கிலேயே வராது. எங்கள் பெப்டைடின் மூலக்கூறு எடை சுமார் 1500 டால்டன். அந்த அமிலம் ஒட்டக்கூடிய லைசின், ஆர்ஜினின் என்று மூன்று, சங்கிலியின் தொடக்கமான என்-முனை ஒன்று, ஆக நாலு இடம். இடத்துக்கு 114 வீதம் டி.எஃப்.ஏ. ஒட்டினால் 456; மொத்தம் 1956. ஈரத்தைச் சேர்க்காமலே நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு! இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். பாடமாகவே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் வாயில் வரவில்லை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பழைய லாட்டின் சி.ஓ.ஏ.வில் இரண்டாம் பக்கத்தில் நெட் பெப்டைடு கன்டென்ட் என்று, தூளில் நிஜமான பெப்டைடு எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஒரு வரி இருந்தது. அதை வைத்துத்தான் அதுவரை கழித்துக்கொண்டிருந்தோம். புதுக் கம்பெனியில் விலை குறைவு. சான்றிதழ் ஒரே பக்கம், ஒரு ஹெச்.பி.எல்.சி. பீக், மூலக்கூறு எடை காட்டும் மாஸ் ஸ்பெக் படம், அவ்வளவுதான். கம்பெனியை மாற்றியது நான்.

செல்களில் சோதித்தபோது டோஸ் வளைவு வலப்பக்கம் நகர்ந்தது; அதாவது, அதே விளைவுக்கு அதிக டோஸ் தேவைப்பட்டது. செல்லுக்கு வயதாகிவிட்டது, எத்தனை முறை மாற்றி வளர்த்தது என்ற பாசேஜ் நம்பரைப் பார் என்று அவளை மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் நின்றது. அது செல்லின் கோளாறாக இருந்தால் அப்படியா ஒழுங்காக நகரும்?

சரி, என் பக்கமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கால் பங்கு வித்தியாசம் செல் சோதனையில் சும்மாவே வரும். தூளின் எடைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மிச்சத் தூளை, பெப்டைடின் நிஜ அளவைச் சொல்லும் அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாமா என்று எடுத்துப் பார்த்தேன். அரை மில்லிகிராம்கூட இல்லை. அதுவும் மைனஸ் 20-இலிருந்து எடுத்து, சூடாறும்வரை... இல்லை, குளிர் விடும்வரை பொறுக்காமல் பலமுறை திறந்த குப்பி. தூள் ஓரத்தில் பசைபோல ஒட்டியிருந்தது. அதை இப்போது அளந்தால் அது குடித்த ஈரத்தின் கணக்குதான் வரும்.

ஆனால் நான் நிரூபணத்துக்கா தவிக்கிறேன்? அவள் கேட்டது சரியான கேள்வி. பதில் தெரிந்தவள் நான்.

அவள் வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நெட் கன்டென்ட் இல்லாமல் வாங்குவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஆர்டர் போடும்போது அந்தப் பரிசோதனைக்குக் கூடுதலாக இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவசரம். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த முறை எடை போட்டது நானேதான். 77 சதவீதம் என்று மனக்கணக்காக வைத்துக் கழித்தேன். நோட்டில் அந்த எண்ணை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.