கூப்பிட்டால் எழுந்து வர முடிகிற ஆட்டங்கள்

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கு வீடியோ கேம் ஆடும் நேரம். மகள் தூங்கியிருப்பாள், மனைவி மறுநாள் வகுப்புக்கான பாடக்குறிப்பை எழுதி முடிக்கும் தறுவாயில் இருப்பார், மாவை வழித்து வைத்து, மேடையைத் துடைத்து, அடுக்களை விளக்கை அணைத்தாகிவிட்டிருக்கும். சென்ற மாதம் ஒரு நாள் அப்படித்தான் எல்டன் ரிங் ஆட்டத்தில் ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குப் போகும் வழியை மறித்து நிற்கும் மார்கிட் என்ற எதிரியோடு மூன்றாவது நாளாக மோதிக்கொண்டிருந்தேன். அவனுடைய உயிர்க்கோடு கால்வாசிக்கும் கீழே இறங்கியிருந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தம்பி, கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சுடா." கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு ஓடினேன். கெண்டைக்காலில் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அவர் கண்ணயர்ந்த பிறகு கூடத்துக்குத் திரும்பியபோது, என் வீரன் எப்போதோ செத்துப் பிழைத்து, பழைய இடத்தில் ஒளிக்கீற்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் சேர்த்து வைத்திருந்த ரூன்கள், அதாவது அந்த ஆட்டத்தின் காசு, எல்லாம் சண்டை நடந்த இடத்திலேயே கிடந்தன. மறுபடி அங்கே போய் எடுக்க வேண்டும். போகும் வழியில் இன்னொரு முறை செத்தால் அதுவும் போய்விடும்.

ஆட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. 2022இல் வெளிவந்த எல்டன் ரிங்கில் மெனுவைத் திறந்தாலும் எதிரி நிற்பதில்லை. முன்பின் தெரியாத இன்னொரு ஆட்டக்காரர் இணையம் வழியாக உங்கள் உலகத்துக்குள் நுழைந்து சண்டைக்கு வரலாம் என்று அமைக்கப்பட்ட ஆட்டத்தில், ஒருவர் மட்டும் தன் வசதிக்குக் காலத்தை நிறுத்தி வைக்க முடியாதுதான். அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த செகிரோ தனி ஆள் ஆட்டம். அதில் நிறுத்தி வைக்கலாம். கடுமையில் அது இதற்குக் குறைந்ததும் அல்ல.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக வீடியோ கேம் ஆடி வருகிறேன். வீட்டில் ஆட்டத்தால் மூளும் சண்டைகளில் பெரும்பாலானவை, கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் எழுந்து வராததில்தான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். எவ்வளவு நேரம் ஆடினார், என்ன ஆடினார் என்ற பேச்செல்லாம் பிறகுதான் வருகிறது. அதனால் இப்போது ஒரு புது ஆட்டத்தை வாங்கும் முன் நான் முதலில் பார்ப்பது, அதை எங்கே, எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும் என்பதைத்தான்.

இந்தக் கணக்கு எனக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் உறையூரில் குடியிருந்தபோது, ஒரு தீபாவளி போனஸில் அப்பா சிங்காரத்தோப்பிலிருந்து டிவி கேம் ஒன்றை வாங்கி வந்தார். மஞ்சள் நிறக் கேசட்டைச் செருகி, ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இதன் வயரை மாட்ட வேண்டும். சூப்பர் மேரியோவில் 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். அக்காவும் நானும் மாறி மாறி ஆடி ஏழாம் உலகத்துக்கு வந்திருப்போம், அப்பா செய்தி பார்க்க வந்துவிடுவார். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன ஓசையோடு மேரியோ அந்தரத்தில் அப்படியே நிற்பார். வயரை மாற்றி டிவியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, கேம் பெட்டியை மட்டும் அணைக்காமல் டிவிக்குப் பின்னால் மறைத்து வைப்போம். சுவரில் மாட்டியிருக்கும் அடாப்டர் சூடேறிக்கொண்டே போகும். அக்கா பாவாடை நுனியால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சுவிட்சை யாராவது அணைத்துவிடப் போகிறார்கள் என்று சாப்பிடும்போதுகூட இரண்டு பேருக்கும் கண் அங்கேயே இருக்கும். செய்தி முடிந்து மறுபடி வயரை மாட்டியதும் மேரியோ அதே இடத்தில் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்த மகிழ்ச்சியை, அதற்குப் பிறகு எந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டமும் எனக்குத் தந்ததில்லை.

அந்தப் பொத்தான் எப்படி வந்தது என்று பெரியவனான பிறகு தேடிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் 1976இல் வெளிவந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியில் 'ஹோல்டு' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஆட்டம் உறைந்து நிற்கும். ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளரின் தலைமையில் உருவான கருவி அது. கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஆடும் முறையும் அந்தக் கருவியில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. காசு போட்டு ஆடும் கடை இயந்திரத்துக்கு அப்படி ஒரு பொத்தான் தேவைப்படவே இல்லை. அங்கே நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் காசோடு காத்திருப்பார். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் கடைக்காரருக்கு வருமானம். வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஆட்டத்துக்கு வாசல் மணியும் அடுப்பில் பொங்கும் பாலும் கைக்குழந்தையின் அழுகையும் எதிரில் வந்தன. நிறுத்தி வைக்கும் பொத்தானை, ஆட்டம் வீட்டுக்கு வந்ததற்கான அடையாளமாகவே நான் பார்க்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து சொந்தமாகக் கணினி வாங்கிய காலத்தில் தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2012இல் எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. ஜிடிஏ வைஸ் சிட்டி என்ற ஆட்டத்தில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது; ஆட்டத்துக்குள் இருக்கும் நம் வீட்டுக்குப் போய், அங்கே சுழலும் கேசட் படத்தைத் தொட்டால்தான் முடியும். மின்சாரம் போகும் நேரம் நெருங்கி மணி 5.50 ஆனதும், ஆட்டத்தில் எந்த வேலையையும் பாதியில் போட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் வீட்டைப் பார்த்து ஓட்டுவதே வழக்கமானது. நேரம் பார்த்து எழுந்துகொள்ளும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஆண்டுதான்.

திருமணத்துக்குப் பின் நீண்ட காலம் என் மனைவி கன்ட்ரோலரைத் தொட்டதில்லை. 'இட் டேக்ஸ் டூ' ஆட்டத்தை நான் வாங்கியதே, அதை ஒருவர் தனியாக ஆட முடியாது என்பதற்காகத்தான். 2021இல் வந்தது. பிரிந்துவிட முடிவெடுத்த கணவனும் மனைவியும், அழுத மகளின் கண்ணீர் பட்டு அவளுடைய பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். திரையை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொருவராக ஆட வேண்டும். ஆடிப் பழகியவர்கள் மறந்துவிடுகிற ஒன்றை அன்று நான் கவனித்தேன். இடது கட்டைவிரல் நடக்க வைக்கிறது, வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்புகிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது புதியவருக்கு எவ்வளவு கடினம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் அரைமணி நேரம் அவருடைய பாதித் திரையில் கூரையும் தரையும்தான் மாறி மாறித் தெரிந்தன. நடக்கும்போது பார்க்க மறப்பார், பார்க்கும்போது நடை நின்றுவிடும். இரு கட்டைவிரல்களும் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது நாள் ஓர் ஆணியில் கயிறு கட்டியதுபோல் ஊஞ்சலாடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர், என் தோளைத் தட்டி, "நீங்க ஏன் இன்னும் அங்கயே நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அந்த ஆட்டத்தில் ஒரு யானைப் பொம்மை வருகிறது. மகளை அழ வைத்தால் பழைய உருவம் திரும்பும் என்று நம்பி, அவளுக்குப் பிடித்த அந்த யானையை, அது கெஞ்சக் கெஞ்ச, அந்தப் பெற்றோர் இழுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிட வேண்டும். அதைச் செய்யாமல் கதை நகராது. என் மனைவி கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார். "என்னால முடியாதுங்க." நான் நிறுத்தி வைத்தேன். இரண்டு வாரம் அந்த ஆட்டம் அங்கேயே நின்றது. அந்த இரண்டு வாரத்தில், மகளின் முன்னால் நாங்கள் குரலை உயர்த்தி வாதாடிய ஒரு நாளைப் பற்றி முதன்முறையாக நிதானமாகப் பேசினோம். அதற்குப் பிறகுதான் மேலே ஆடினோம்.

அம்மாவோடு ஆட்டம் வழியாகப் பேச முடியும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. 'வெண்பா' வந்த பிறகுதான் அது நடந்தது. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ஆட்டம். எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் 2024இல் அதற்குக் கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் தலைவி வெண்பா, தன் தாயின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கின்றன. விடுபட்டதை ஆடுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். முதல் சமையல் இட்லி. நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கியதும், சீரியல் விளம்பர இடைவேளையில் எட்டிப் பார்த்த அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "குழிக்கு மேல குழி வர்ற மாதிரி வைக்காதடா. அப்புறம் இட்லி எப்படி உப்பும்?" அதற்குமேல் சீரியலுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்; நான் பொத்தான்களை அழுத்தினேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டத்தை நாங்கள் மூன்று இரவுகளுக்கு வைத்துக்கொண்டோம், ஏனென்றால் ஒவ்வொரு சமையலுக்கும் அவர் தன் அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. பையன் கவின் வளர்ந்து தமிழில் பேசுவதையே தவிர்க்கும் இடத்தில் மட்டும் அம்மா ஒன்றும் பேசவில்லை.

உறவினர்களிடம் விளக்கிச் சொல்லி எனக்குச் சலிக்காத ஒரு செய்தி உண்டு. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் பெரியவர்கள் என்னிடம் கவலையோடு விசாரிக்கிறார்கள். அது சூது. தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் அதைத் தடுக்கத்தான் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றமும் 2025இல் தடை செய்தது. நான் ஆடுவதில் போனால் போவது ரூன்தான். அதற்காக அவர்களுடைய கவலையை நான் தள்ளிவிடுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் ஆடுவதால் வரும் கோளாறும் இடம்பெற்று, 2022 முதல் நடப்பில் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அதைக் கோளாறு என்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த மூன்றையும் எடுத்து வைத்து என்னை நானே சோதித்துக்கொள்கிறேன்; மனைவியையும் கேட்கிறேன்.

அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், ஆடுவது பிஜிஎம்ஐ. சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை என்று அக்கா போனில் அழுதார். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுவதையும் பார்த்தேன். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை நிற்பவர் வெல்லும் ஆட்டம். அரைமணி நேரம் ஓடும். நால்வர் கொண்ட அணியில் ஒருவன் பாதியில் எழுந்தால் மற்ற மூவரும் தவிப்பார்கள். அவன் அம்மாவை மதிக்காமல் இல்லை, நண்பர்களை விட்டுவிட்டு வர முடியாமல் இருக்கிறான். அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "சோறு வெந்ததும் கூப்பிடாதே, உலை வைக்கும்போதே சொல்லிவிடு; அதற்குமேல் அவன் புது ஆட்டம் தொடங்கக் கூடாது." அவனும் ஒத்துக்கொண்டான். மூன்று மாதமாக ஒரே நேரத்தில்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்களாம். அக்காவின் குரலில் இப்போது பழைய தெம்பு தெரிகிறது.

என் மகளுக்கு எட்டு வயது. கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் மைன்கிராஃப்டை அவள் ஆடத் தொடங்கியபோது அரைமணி நேரம் என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் ஏதாவது ஒரு சுவரைப் பாதி கட்டியிருப்பாள், அழுகையோடுதான் முடியும். பிறகு கடிகாரத்தை ஆட்டத்துக்குள்ளேயே தேடினேன். மைன்கிராஃப்டின் ஒரு முழு நாள் என்பது நம்முடைய 20 நிமிடம். அதில் பகல் பத்து நிமிடம். பொழுது சாய்ந்ததும் கட்டிலில் படுத்துவிட்டால் இரவைத் தாண்டி விடிந்துவிடும். அதனால் எங்கள் வீட்டுக் கணக்கு மூன்று பகல். மூன்றாவது நாள் சூரியன் இறங்கும்போது அவளே வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அணைக்கிறாள். கட்ட வேண்டியதை முடிக்க அவளுக்கு வானமே நேரம் காட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளோடு திரையைப் பிரித்து ஆடுவேன். சென்ற வாரம் நான் சுரங்கத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் பாதித் திரையில் இருட்டத் தொடங்கிவிட்டது. அந்த உலகத்தில் இருக்கும் எல்லோரும் படுத்தால்தான் இரவு கழியும். இரண்டு ஆடுகளின் கம்பளி போதாமல் மூன்றாவதையும் தேடிப் பிடித்து, எனக்கென்று ஒரு கட்டில் செய்து, தன் கட்டிலுக்கு ஒட்டினாற்போல் போட்டு வைத்திருந்தாள்.

"அப்பா, வாங்க, வந்து படுங்க. நீங்க படுக்கலன்னா விடியாது."

கரியை அங்கேயே விட்டுவிட்டு ஏணியில் ஏறினேன்.