கோணல் மாணலாக ஒரு மகிஷன்

நவீன இந்திய ஓவியர் தையப் மேத்தாவின் ‘மகிஷாசுரன்’ ஓவியத்தை யாரிடம் காட்டினாலும் முதலில் வருவது, “என்னங்க இது, கை கால் எல்லாம் கோணல் மாணலா இருக்கே” என்பதுதான். நியாயமான கேள்வி. அதை ‘மாடர்ன் ஆர்ட் அப்படித்தான்’ என்று தட்டிக்கழிப்பது எனக்குப் பிடிக்காது, 2005 இல் நியூயார்க் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியது என்று விலையைச் சொல்லி வாயை அடைப்பதும் பிடிக்காது.

கோணல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தேவியும் எருமையும் பின்னிக் கிடக்கிறார்கள். ஒரு கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினால் நடுவில் இன்னொரு உடம்பு குறுக்கே வந்துவிடும், அப்புறம் அது யாருடைய கை என்பதே குழம்பிப்போகும், சண்டையா தழுவலா என்றுகூடச் சந்தேகம் வரும். கதையிலும் மகிஷனுக்கு நிலையான உருவம் கிடையாதே! தேவியின் கதையைச் சொல்லும் ‘தேவி மகாத்மியம்’ நூலில் எருமையாக வருகிறான், சிங்கமாகிறான், வாளேந்திய மனிதனாகிறான், யானையாகிறான், மறுபடி எருமை. கடைசியில் எருமையின் வாயிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்த நிலையில்தான் தலை போகிறது. அந்த நொடியை அங்கலட்சணம் பிசகாமல் எப்படி வரைவது?

மேத்தா 1947 பிரிவினைக் கலவரத்தின்போது மும்பையில் தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒருவரை அடித்துக் கொன்றதைப் பார்த்தவர். கால் கட்டப்பட்ட காளை, தலைகீழாக விழும் மனிதன் என்று அவர் படங்களில் உடம்பு எப்போதும் வதைபட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இந்த மகிஷனை வெறும் வில்லனாக என்னால் பார்க்க முடியவில்லை.

நமக்குச் சாமி என்றால் ரவிவர்மாவும் சிவகாசி காலண்டரும்தான் கண்ணுக்குப் பழக்கம். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) வண்டியை விட்டு மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போய்ப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பம். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு தேவி வில்லை வளைக்கிறாள், எதிரே மனித உடம்பில் எருமைத் தலையோடு மகிஷன். கதாயுதத்தைக் கையில் பிடித்தபடி உடம்பை மட்டும் பின்னுக்குச் சாய்த்திருக்கிறான். தோல்வி அந்தச் சாய்வில்தான் இருக்கிறது, முகத்தில் இல்லை. தலைக்கு மேல் குடைகூட உண்டு! எதிரியானாலும் அரசனுக்குரிய மரியாதையைச் சிற்பி குறைக்கவில்லை. எட்டுக் கையையும் எருமைத் தலையையும் நாம் ஒருநாளும் கோணல் என்று சொன்னதில்லை, மேத்தாவிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம், 1966 இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய ஓவியர் கிராமம். உள்ளே போனால் தலைப்பு அட்டையைப் படிக்கும் முன்னால் ஏதாவது ஓர் உருவத்தின் முழங்கையிலிருந்து விரல் வரை பொறுமையாகப் பாருங்கள், ஓவியர் எந்த இடத்தில் வளைத்திருக்கிறார், எதை அப்படியே விட்டிருக்கிறார் என்று.