சன்மான ரசீதில் ஒரு வரி

பதினொரு கதைகள் சேர்ந்துவிட்டன, தொகுப்பாகப் போடலாம் என்றார் பதிப்பாளர். பத்துக் கதைகள் சிற்றிதழ்களில் வந்தவை. அந்த இதழ்களிடம் அனுமதி கேட்டதும், "முதலில் வெளியான இதழ், மாதம் போட்டால் போதும்" என்று இரண்டே நாளில் எல்லாரும் பதில் அனுப்பிவிட்டார்கள். பதினோராவதுதான் என்னை ஆட்டிவைத்தது.

அது 2016-இல் ஒரு வார இதழில் வந்த கதை. அவர்களிடம் தடையில்லாக் கடிதம் வாங்கித் தரச் சொன்னார் பதிப்பாளர். மூன்று மின்னஞ்சல் போட்டேன், பதில் இல்லை. தொலைபேசியில் எடுத்தவர், "எங்க இதழ்ல வந்தா எங்களுக்குத்தான் உரிமை மேடம், எதுக்கும் புதன்கிழமை நேர்ல வாங்க" என்றார். நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவு கிடைக்கவில்லை. பொதுப்பெட்டியில் இரவெல்லாம் உட்கார்ந்தே போய், பத்து மணிக்கு அலுவலகத்தில் நின்றேன். பொறுப்பாசிரியர் விடுப்பு. என்னை வரச்சொன்னவருக்கு வரச்சொன்னதே நினைவில்லை.

மதியம் இரண்டரைக்கு ஒருவர் பழைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து முன்னால் வைத்தார். ரூ.1,500 சன்மானத்துக்கு நான் அனுப்பிய ரசீது. கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி: "மேற்படி படைப்பின் உரிமையை இதழுக்கு அளிக்கிறேன்." கையெழுத்து என்னுடையதுதான். தேதி 14.8.2016.

அந்தக் கதையில் வருவது என் ஆச்சி. அவள் பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. அதையா எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் அழுகை முட்டியது. தாளைக் கைபேசியில் படம் எடுக்கவாவது விட்டார்களே, அதுதான் பின்னால் காப்பாற்றியது.

சித்தி மகன் வக்கீல். படத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தான். "எத்தனை வருசத்துக்குன்னு இதுல எங்கயாவது இருக்காக்கா?"

இல்லை.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவை எடுத்துக் காட்டினான். உரிமையை எழுதிக்கொடுக்கும் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். என் ஐந்து வருடம் 2021 ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது! இதழில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் எழுதுவதற்குக் கணக்கு வேறு. வெளியிலிருந்து அனுப்புகிற நம்மைப் போன்றவர்களுக்கு, கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுக்காதவரை உரிமை நம்மிடம்தான். கதையோடு அனுப்புவோமே, "என் சொந்தக் கற்பனை, வேறு இதழுக்கு அனுப்பவில்லை" என்று, அந்த உறுதிமொழியால் மட்டும் உரிமை கைமாறிவிடாது. இது தெரியாமல் எத்தனை பேர் தங்கள் கதையைத் தொகுப்பில் சேர்க்காமலே விட்டிருப்பார்களோ.

பிரிவு எண், ரசீதின் தேதி இரண்டையும் போட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: "மறுபிரசுரத்துக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை." தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கதையோடு வந்த ஓவியத்தையும் சேர்க்க ஆசைதான். ஆனால் கதை என்னுடையது என்பதால் ஓவியமும் என்னுடையதாகிவிடாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும், நேரமில்லாமல் விட்டுவிட்டேன்.

இப்போது ரசீது வந்தால் முதலில் பொடி எழுத்தைத்தான் தேடுகிறேன். உரிமை என்ற சொல் இருந்தால் அந்த வரியை அடித்து, "இதழில் ஒருமுறை வெளியிட மட்டும், மொழிபெயர்ப்பு, நூல், ஒலிநூல் உரிமைகள் ஆசிரியருக்கே" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, நகல் எடுத்துக்கொண்டு அனுப்புகிறேன். போன மாதம் ஓர் இதழ் அதை அப்படியே ஏற்றுச் சன்மானமும் அனுப்பிவிட்டது.