பொயின்ட்டில் நின்றுவிடும் எஞ்சினுக்குப் புதிய மின்வழி

என்னிடமுள்ள எச்ஓ அளவு (உண்மையானதில் 87இல் ஒரு பங்கு) மாதிரி டீசல் எஞ்சினை வேகமாக விட்டால் நன்றாகவே ஓடும். மெதுவாக விட்டால்தான் விக்கி விக்கிப் போய், தண்டவாளம் கிளை பிரியும் பொயின்ட் வந்ததும் நின்றுவிடும். விரலால் தட்டினால் மறுபடி புறப்படும். நிலையத்துக்குள் ஊர்ந்து நுழையும் புகையிரதத்தைப் பார்ப்பதற்காகவே தண்டவாளம் போட்டவன் நான். வேகமாக ஓடுகிறதே என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

மோட்டார் போய்விட்டது, மாற்றிவிடு என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு வயர்களை நேராக அதன் முனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். மிகக் குறைந்த வோல்ற்றளவிலும் சீராகச் சுழன்றது. ஆகவே கோளாறு தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் இடையில் எங்கோதான் இருக்க வேண்டும்.

உண்மையான டீசல் மின் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்கு வழங்கத் தொடங்கிய எம்2 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது தன் வயிற்றுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. தண்டவாளம் பாரத்தைத் தாங்கினால் போதும். மாதிரி எஞ்சினுக்கோ 12 வோல்ற்று மின்சாரம் முழுவதும் சில்லின் விளிம்பு தண்டவாளத்தைத் தொடும் ஊசிமுனை அளவு இடத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அடித்தட்டைத் திறந்து பார்த்தபோது அமைப்பு புரிந்தது. முன்னும் பின்னும் இரண்டு போகிகள், அதாவது சில்லுகளைத் தாங்கித் தனியே திரும்பும் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சுகள், ஆக எட்டுச் சில்லுகள். மோட்டார் முன் போகியில் இருக்கிறது. அதன் வலப்பக்கச் சில்லுகள் இரண்டிலும், வழுக்காமல் இழுப்பதற்காக இறப்பர் வளையம் போட்டிருக்கிறார்கள். இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பின் போகியில் வலப்பக்கச் சில்லுகள் மட்டும் மின்சாரம் எடுக்கின்றன. இடப்பக்கச் சில்லுகள் உலோகமாக இருந்தும் அவற்றுக்கு இணைப்பே இல்லை. இடத் தண்டவாளத்துக்கு முன் போகியின் இரண்டு சில்லுகள், வலத் தண்டவாளத்துக்குப் பின் போகியின் இரண்டு சில்லுகள், அவ்வளவுதான். பொயின்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் மூக்குப் பகுதி பிளாஸ்டிக். ஒரு சில்லு அதன்மேல் ஏறும்போது அதன் இணைச் சில்லு ஓர் அழுக்குப் புள்ளியில் நின்றால் சுற்று அறுந்துவிடும். வேகமாகப் போனால் ஓடும் வேகமே அந்த இடைவெளியைக் கடத்திவிடுகிறது. மெதுவாகப் போகும்போது அந்த உதவி கிடைப்பதில்லை.

அடுத்து, மின் இணைப்பைச் சோதிக்கும் பல்மானியை (மல்டிமீற்றர்) எடுத்தேன். ஒரு முனையைச் சில்லிலும் மறுமுனையை மோட்டார் முனையிலும் வைத்து, சில்லைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே அளவீட்டைப் பார்க்க வேண்டும். சில்லை அசைக்காமல் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். உருட்டும்போதுதான் எண் துள்ளுகிறது. முன் போகியில் துள்ளலுக்குக் காரணம் சில்லின் ஓடுபரப்பில் படிந்திருந்த கரும்படலம். பின் போகியின் சிக்கல் வேறு. சில்லிலிருந்து வரும் மின்சாரம் பித்தளைத் தகட்டுக்கு வந்து, போகி திரும்பும் நடு ஆணி வழியாக மேலே போகிறது. அந்த ஆணியைச் சுற்றிப் பழைய கிறீஸ் காய்ந்து பச்சை பூத்திருந்தது. நான் இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று எந்தப் பித்தளையையும் சும்மா விடுவதில்லை.

சில்லுகளுக்கு ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்துப் பிழிந்த துணியே போதுமானது. மண்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. அது கீறிவிடும் கோடுகளில் அடுத்த அழுக்கு இன்னும் இறுகப் பிடிக்கும். அல்ககோல் முழுவதும் உலர்ந்த பிறகே, ஈயத்தை உருக்கி வயரைப் பொருத்தும் பற்றாசுக்கோலைச் சூடாக்கினேன். நடு ஆணியை நம்பியிருக்க விரும்பவில்லை. பித்தளைத் தகட்டிலிருந்து மோட்டார் முனைக்குப் பல இழைகள் கொண்ட மெல்லிய வயர் ஒன்றைப் பற்றாசு வைத்தேன். போகி தடையில்லாமல் திரும்புவதற்கு வயரில் சற்றுத் தளர்வு விட வேண்டும்.

மிகவும் ரசித்துச் செய்த வேலை, பின் போகியின் இடப்பக்கச் சில்லுகளிலிருந்தும் மின்சாரம் எடுக்கத் தொடுதகடு போட்டதுதான். பழைய ரிலே (மின்காந்த ஆளி) ஒன்றிலிருந்து எடுத்த வில்தகடுகள் நன்றாக உதவின. செப்புப் பூச்சுள்ள சிறு பலகைத் துண்டில் அவற்றை முதலில் பற்றாசு வைத்துவிட்டு, ஆறிய பிறகே போகியின் அடியில் ஒட்டினேன். ஒட்டியபின் சூடு காட்டினால் பிளாஸ்டிக் உருகிவிடும். தகடு சில்லின் உட்புறத்தை வருட வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிரேக் போட்டதுபோல் சில்லு உருளாமல் இழுபடும். இடத் தகடு வலப்பக்கப் பித்தளையில் பட்டால் குறுஞ்சுற்று ஏற்படும் என்பதால், தண்டவாளத்தில் வைப்பதற்கு முன் பல்மானியால் அதையும் சோதித்தேன்.

மின்சாரத்தைச் சற்றுச் சேமித்து வைக்கும் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்று போட்டால் இத்தனை பாடு தேவையில்லையே என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓடும் எஞ்சின்களில் அப்படிச் செய்கிறார்கள். என்னுடையது சாதாரண நேரோட்டத்தில் ஓடுவது. எஞ்சினைப் பின்னோக்கி விடும்போது முனைகள் நேர், மறை மாறிவிடும். நேர், மறை முனை பார்த்து இணைக்க வேண்டிய மின்பகு கொள்ளளவி அதைத் தாங்காது.

இப்போது இடப்பக்கத்தில் நான்கு சில்லுகள் மின்சாரம் எடுக்கின்றன. எஞ்சின் பொயின்ட்டை நடை வேகத்தில் தாண்டுகிறது. தண்டவாளத்தின் தூரமுனையில் மட்டும் வேகம் சற்றுக் குறைகிறது. அங்கே அளந்தால் வோல்ற்றளவும் குறைவாகத்தான் இருக்கிறது. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளிலும் உப்பு ஏறியிருக்க வேண்டும். அவற்றுக்குக் குறுக்கே வயர் இணைக்கப் போகிறேன். வலப்பக்கம் இன்னும் இரண்டு சில்லுகளில்தான் நிற்கிறது. இறப்பர் வளையத்தைக் கழற்றினால் இழுவை போய்விடும். ஆகவே எஞ்சினுக்கு அடுத்த பெட்டிக்கு உலோகச் சில்லுகள் மாட்டி, அங்கிருந்து ஒரு மெல்லிய வயரை எஞ்சினுக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.