ரெண்டாம் நம்பரில் குவார்ட்டர்பேக்கா?

2025 ஏப்ரலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் பதினாறு வயது மகன். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், டிராஃப்ட்டில் தன் கையில் இருந்த இரண்டாவது இடத்தில் ஒரு கல்லூரி குவார்ட்டர்பேக்கை எடுத்திருக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் வழக்கு. என் மனைவி இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டே, "அவங்க யாரை எடுத்தாலும் தோக்கத்தான் போறாங்க, ரசம் ஆறுது" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆதாரமெல்லாம் அவள் பக்கம்தான் அதிகம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு: டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது, ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. 32 அணிகள், ஏழு சுற்று, முந்தைய சீசனில் யார் மிக மோசமாக ஆடினார்களோ அவர்களுக்கு முதல் வாய்ப்பு. 2024இல் பிரவுன்ஸ் 17 ஆட்டத்தில் மூன்றே மூன்றை ஜெயித்தது, அந்தப் புண்ணியத்தில்தான் இரண்டாவது இடம். குவார்ட்டர்பேக் என்பவன் அணி தாக்குதலில் இருக்கும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவு செய்கிறவன், அதுவும் நூற்றிருபது கிலோ ஆசாமிகள் நாலு பேர் அவனைத் தரையோடு தரையாக அழுத்த ஓடிவந்துகொண்டிருக்கும்போது. அவன் சரியில்லையென்றால் மற்ற பத்துப் பேர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

முதலிடம் டென்னசி டைட்டன்ஸ் கையில். அவர்கள் மயாமி பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் கேம் வார்டை எடுக்கப்போகிறார்கள் என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மிச்சமிருந்த பெரிய பெயர் கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸ், பழைய நட்சத்திரம் டியான் சாண்டர்ஸின் மகன், கல்லூரியில் அப்பாதான் கோச். என் மகனுக்கு அவன்தான் வேண்டும். எனக்கு அதே கொலராடோவின் டிராவிஸ் ஹன்ட்டர் போதும், பந்து பிடிக்கவும் ஆடுவான், எதிரணி பிடிக்காமல் தடுக்கவும் ஆடுவான், கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவன், அப்படி ஒருத்தன் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கிடைப்பான்?

"அப்பா, குவார்ட்டர்பேக் இல்லாத டீம்ல ஹன்ட்டர் என்ன பண்ணுவான்? பந்து வந்தாத்தானே பிடிக்க முடியும்" என்றான். சரியான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இந்த ஊர்ச் சரித்திரம் தேவைப்பட்டது.

பிரவுன்ஸை 1996இல் பால்டிமோருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அங்கே அதற்கு ரேவன்ஸ் என்று பெயர். 1999இல் புது பிரவுன்ஸ் வந்தபோது முதல் வேலையாக, முதல் இடத்திலேயே, கென்டக்கியின் டிம் கௌச் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். ஆள் மோசமில்லை. ஆனால் அவனைக் காப்பாற்ற முன்னால் நிற்க வேண்டிய வரிசை புது அணியின் கூட்டிப் பெருக்கிய வரிசை, அடி வாங்கி வாங்கியே ஐந்து சீசனில் கதை முடிந்தது. அப்புறம் 2007இல் பிராடி க்வின், 2012இல் பிராண்டன் வீடன், 2014இல் ஜானி மான்ஸெல். இந்த மூன்று பேரையும் எடுத்தது சரியாக 22ஆவது இடத்தில். ஒரு தடவை சறுக்கினால் தற்செயல், மூன்று தடவை அதே நம்பரில் சறுக்கினால் நம் ஊராக இருந்தால் ஜோசியரைப் பார்த்திருப்பார்கள். வீடனுக்கு எடுக்கும்போதே 28 வயது, அதற்கு முன் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர். முதல் ஆட்டத்துக்கு முன் மைதானம் முழுக்க விரித்த ராட்சசத் தேசியக் கொடிக்கு அடியில் மாட்டிக்கொண்டு தட்டுத்தடுமாறி வெளியே வந்தார். அவருடைய மொத்த வாழ்க்கையையும் அந்த ஒரு காட்சியிலேயே பார்த்துவிடலாம்.

இந்த ஊரில் ஒரு ஜெர்சி பிரசித்தம். ஒரு ரசிகர் டிம் கௌச்சின் இரண்டாம் நம்பர் ஜெர்சியை வைத்துக்கொண்டு, புது குவார்ட்டர்பேக் ஆட ஆரம்பிக்கும்போதெல்லாம் பழைய பெயருக்குக் கீழே புதுப் பெயரை ஒட்டிக்கொண்டே போனார். முதுகில் இடம் போதாமல் பெயர்கள் கீழே கீழே இறங்கின. 1999இலிருந்து எண்ணினால் இன்றைக்கு அந்தப் பட்டியல் 40ஐத் தாண்டிவிட்டது.

"பாத்தியா, எடுத்தவனெல்லாம் வீணாப்போனான்" என்றேன் வெற்றிக்களிப்பில்.

அவன் விடவில்லை. எடுக்காமல் விட்டதையும் பேசு என்றான். இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. 2016இலும் பிரவுன்ஸிடம் இரண்டாவது இடம் இருந்தது. வேறு இடங்களை வாங்கிக்கொண்டு அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார்கள், அவர்கள் கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 2017இல் 12ஆவது இடத்தை ஹியூஸ்டன் டெக்ஸன்ஸுக்குக் கொடுத்தார்கள், ஹியூஸ்டன் டெஷான் வாட்சனை எடுத்தது. அதற்கு இரண்டே இடம் முன்னால், பத்தாவதாகப் போனவன் பின்னால் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ். குவார்ட்டர்பேக் இல்லாத பிரவுன்ஸ் அந்த சீசனில் 16 ஆட்டத்தில் பதினாறையும் தோற்றது. ஊர்க்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள், தோல்விக்கு.

கதை அதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. ஐந்து வருடம் கழித்து, 2022இல், அதே வாட்சனை அதே ஹியூஸ்டனிடமிருந்து வாங்க மூன்று முதல் சுற்று இடங்களைக் கொடுத்தார்கள். கூடவே 23 கோடி டாலர் ஒப்பந்தம், ஒரு காசு குறையாமல் முழுக்க உத்தரவாதம். 2017இல் தானே எடுத்திருக்கலாம், டிராஃப்ட் சம்பளத்தில். அவர் மூன்று சீசனில் பிரவுன்ஸுக்காக ஆடியது 19 ஆட்டம், அப்புறம் குதிகால் தசைநார் கிழிந்து படுத்துவிட்டார். சொந்தத் தோட்டத்து மாங்காயை அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, அழுகும் நேரத்தில் தங்க விலைக்குத் திரும்ப வாங்கிய கதை இது, வேறெப்படிச் சொல்வது.

மகன் அதற்கும் மேலே ஒரு குண்டு வைத்திருந்தான். பிரவுன்ஸ் கொடுத்த இடங்களில் ஒன்றையும் சேர்த்துப் பண்டமாற்று செய்துதான் 2023இல் ஹியூஸ்டன் வில் ஆண்டர்சன் என்ற தடுப்பாட்டக்காரனை மூன்றாவதாக எடுத்தது. அதற்கு ஒரு இடம் முன்னால், இரண்டாவதாக எடுத்தது சி.ஜே. ஸ்ட்ரௌட், குவார்ட்டர்பேக், நம் மாநிலத்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பையன். முந்தைய வருடம் மூன்று ஆட்டம் ஜெயித்த ஹியூஸ்டன் பத்து ஜெயித்தது. 2024 ஜனவரியில் பிளேஆஃபில் ஹியூஸ்டனும் பிரவுன்ஸும் மோதியபோது என்ன ஆனது? 45-14. ஸ்ட்ரௌட் புகுந்து விளையாடினான், இந்தப் பக்கம் 38 வயது ஜோ ஃபிளாக்கோ எறிந்த இரண்டு பந்தை எதிரணியே பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் புள்ளியும் எடுத்தது. அன்றைக்கு சோஃபாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தோம்.

சரி, அவன் சொல்வதில் பணக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. 2011க்கு முன்னால் டிராஃப்ட்டில் முதலில் போகிறவனுக்கு அள்ளிக் கொடுத்தார்கள், 2010இல் சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி டாலர் உத்தரவாதம். அடுத்த வருடம் விதி மாறியது, முதலிடத்து கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே 2.2 கோடிதான். இப்போது கேம் வார்டுக்கு நான்கு வருடத்துக்கு 5 கோடிக்குக் கொஞ்சம் கீழே. டல்லஸின் டாக் பிரெஸ்காட் ஒரே வருடத்துக்குச் சராசரியாக 6 கோடி வாங்குகிறார். 2025இல் ஒரு அணி மொத்த ஆட்களின் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம் என்று வைத்த உச்சவரம்பு சுமார் 27.9 கோடி. அதில் ஆறு கோடி ஒருத்தனுக்கே போனால் மிச்ச ஆட்களை எப்படி நல்லவர்களாக வாங்குவது? ஆகவே இளம் குவார்ட்டர்பேக் ஒருத்தன் தேறிவிட்டால் நான்கு வருடம் அணிக்கு மலிவுக் காலம். எல்லாரும் துண்டு போட்டு இடம் பிடிக்க ஓடுவது இதனால்தான்.

ஆனால் என் கட்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த நான்கு வருடக் கடிகாரம் அவனை எடுத்த அன்றே ஓட ஆரம்பித்துவிடுகிறது. அணி தயாராக இல்லாதபோது எடுத்தால், அவன் அடி வாங்கிக் கற்றுக்கொள்வதிலேயே மலிவுக் காலம் தீர்ந்துபோகும். மஹோம்ஸை எடுத்த கான்சஸ் சிட்டி அதற்கு முந்தைய சீசனில் 12 ஆட்டம் ஜெயித்த அணி. 27ஆவது இடத்திலிருந்து மேலே ஏறிவந்து எடுத்தார்கள், அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்காரவைத்தார்கள், சீசனின் கடைசி ஆட்டம் ஒன்றில்தான் இறக்கினார்கள். அதே மஹோம்ஸ் 2017 பிரவுன்ஸில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஹியூஸ்டனே 2002இல் டேவிட் காரை முதலிடத்தில் எடுத்து, அந்த ஒரு சீசனில் 76 தடவை தரையில் விழவைத்தது. அது இன்றைக்கும் சாதனைப் பட்டியலில் இருக்கிறது, பாவம்.

பேக்கர் மேஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் பிரவுன்ஸ் முதலிடத்தில் எடுத்தது. அவன் நடுவில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 635 நாளுக்குப் பிறகு ஒரு வெற்றி வந்தது, ஒரு பீர் கம்பெனி வெற்றி வந்தால்தான் திறப்போம் என்று பூட்டி வைத்திருந்த ஃபிரிட்ஜுகள் திறந்தன. மூன்று வருடத்தில் அவனுக்கு நான்கு தலைமைக் கோச். நாலு வாத்தியார் மாறினால் கணக்குப் பாடமே மறந்துபோகும், இவன் அதையும் மீறி 2020 சீசனில் பிட்ஸ்பர்க்கைப் பிட்ஸ்பர்க்கிலேயே வைத்து பிளேஆஃபில் 48-37 என்று அடித்தான். அப்புறம் தோளில் காயம், ஒரு மோசமான சீசன், வாட்சன் வந்தார், இவனைத் துரத்திவிட்டார்கள். டாம்பா பேயில் போய் 2024இல் புள்ளி தரும் டச்டவுன் 41 எறிந்தான். அவனோடு அதே டிராஃப்ட்டில் மூன்றாவதாகப் போன சாம் டார்னல்ட் ஜெட்ஸில் நாறிப்போய், ஊர் ஊராகச் சுற்றி, 2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்துக் காட்டினான். ஏழாவதாகப் போன ஜாஷ் ஆலனும் முதல் சீசனில் எறிந்ததில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் சரியாக எறிந்தான். ஆனால் பஃபலோ அப்போது கோச்சை மாற்றவில்லை, பொறுத்தது, சுற்றி ஆள் சேர்த்தது. 2024 சீசனின் எம்விபி, அதாவது மிக மதிப்புமிக்க ஆட்டக்காரன், அவன்தான்.

அதனால் சீக்கிரம் எடுப்பதா என்ற கேள்வியை விட, யார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ மோசமான டீம் எப்பவும் மோசமாவே இருக்கணுமா? நல்ல டீம் ஆன பிறகு ரெண்டாவது இடம் எப்படி கிடைக்கும்?" என்றான். சின்சினாட்டியையும் காட்டினான், இரண்டே ஆட்டம் ஜெயித்த அணி 2020இல் ஜோ பர்ரோ என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்து இரண்டாம் வருடமே இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பர்ரோ மாதிரி ஆள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதுதான். 2025இல் இரண்டாவது இடத்துக்கு அப்படி ஒருத்தன் இல்லை என்பதுதான் என் வாதம், பசிக்கிறது என்பதற்காகக் காய் பழமாகிவிடாது.

டிராஃப்ட் நாளில் எங்கள் இரண்டு பேரையும் பிரவுன்ஸ் ஒரே அடியில் தோற்கடித்தது. ஹன்ட்டரும் இல்லை, சாண்டர்ஸும் இல்லை. இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து, ஐந்தாவது இடத்தையும் அடுத்த வருட முதல் சுற்று இடம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு, மிச்சிகனின் மேசன் கிரஹாம் என்ற தடுப்பாட்டக்காரனை எடுத்தார்கள். ஒஹாயோக்காரன் பரம எதிரியான மிச்சிகன் பையனுக்குக் கை தட்ட வேண்டிய நிலைமை, அது தனிக் கொடுமை. முதல் சுற்று முடிந்தது, சாண்டர்ஸ் பெயரை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமையும் போனது. மூன்றாம் சுற்றில் பிரவுன்ஸ் குவார்ட்டர்பேக் எடுத்தது, அது ஆரிகனின் டில்லன் கேப்ரியல். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். சனிக்கிழமை மதியம் நான் புல் வெட்டிக்கொண்டிருக்கிறேன், மாடி ஜன்னலிலிருந்து ஒரே கூச்சல். "அப்பா! எடுத்துட்டாங்க! 144!"

இரண்டாவதாக எடு என்று அவன் சண்டை போட்டவன் ஐந்தாம் சுற்றில் வந்து சேர்ந்தான். எல்லா அணிக்கும் பல வாய்ப்பு இருந்தும் ஒதுக்கினார்களே, நான் சொன்னது சரிதானே என்றேன். அவன் உடனே, 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாகப் போய் சான் பிரான்சிஸ்கோவின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆகிவிட்ட பிராக் பர்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அந்த சான் பிரான்சிஸ்கோவே அதற்கு முந்தைய வருடம் ட்ரே லான்ஸ் என்ற தேறாத குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்று இடங்களைத் தாரை வார்த்தது என்று நான் சொல்ல, அது உன் கட்சிக்கா என் கட்சிக்கா என்று இரண்டு பேருக்குமே கொஞ்ச நேரம் புரியவில்லை.

சீசன் வந்தது. ஃபிளாக்கோ ஆரம்பித்தார், பின்னர் கேப்ரியல், நவம்பரில் சாண்டர்ஸ். ஒரே சீசனில் மூன்று பேர். சாண்டர்ஸ் தொடங்கிய முதல் ஆட்டத்தில் லாஸ் வேகாஸை ஜெயித்த அன்று வீட்டில் தீபாவளிதான். 2026 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் பிரவுன்ஸிடம் இரண்டு இடம் இருந்தது, அதில் ஒன்று குவார்ட்டர்பேக்குக்கா என்று சண்டை புது ரவுண்டு போனது, வேடிக்கை என்னவென்றால் அந்தத் தடவை வேண்டாம் என்றவன் அவன், சாண்டர்ஸுக்கு டைம் கொடுக்க வேண்டுமாம்.

பிறந்தநாளுக்கு சாண்டர்ஸ் ஜெர்சி கேட்டான். ரெண்டு வருடம் பொறு, இருக்கிறானா என்று பார்ப்போம் என்றேன். கொஞ்சம் யோசித்தான். "பேர் போடாத ஜெர்சியா வாங்கிக் குடு. கூட ஒரு ரோல் டேப்."